மேலே நின்ற கை

கை மேலே போனது.

போன கை கீழே வரவில்லை.

அவள் கண்ணை இறுக மூடி, தோளைக் குறுக்கி, இடது காதைத் தோளோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து அப்படித்தான் நிற்கிறாள். அவன் வலக்கைக்காரன். அடி இடது பக்கம்தான் விழும். ஒருமுறை காதின் சவ்வு கிழிந்து, தலையணையெல்லாம் ரத்தம். அன்றிலிருந்து அந்தக் காதுக்குள் குக்கர் ஆவி விடுகிற சத்தம்.

இன்றைக்குக் காரணம், வெள்ளை டீ-ஷர்ட். நாளைக்குக் கிளப்பில் மேட்ச். காலரில் மஞ்சள் கறை.

அடி விழவில்லை.

இப்படி நடந்ததே இல்லை. அவன் கை ஏறுவதும் இறங்குவதும் ஒன்றுதான். கன்னத்தில் வெடித்த பிறகுதான், ஏறியிருக்கிறது என்று தெரியும்.

கண்ணைத் திறந்தாள்.

கை அங்கேயே இருந்தது. தலைக்கு மேல், கொஞ்சம் பின்னால் சாய்ந்து. மணிக்கட்டு மடங்கி, முழங்கை தளர்ந்து.

அந்தக் கையை அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்க்கிற கை. ஊருக்கு வெளியே கோல்ஃப் கிளப்பின் பயிற்சித் திடலில் அவன் கூடைப் பந்துகளை ஒவ்வொன்றாக அடிப்பான். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் அவன் துண்டோடு அவள்.

முதலில் பந்தெல்லாம் வலது பக்கம் தென்னந்தோப்புக்குள் போனது. அவன் ஸ்டிக்கால் தரையைக் கொத்துவான். புல் பெயர்ந்து மண் தெறிக்கும்.

சொல்லிக்கொடுக்க ராயப்பன் வந்தார்.

"உங்களுக்குப் பலம் பத்தாம இல்லீங்க சார். அவசரந்தான் கெடுக்குது. ஏறுன கை, ஏறுன எடத்துல ஒரு மூச்சு நிக்கட்டும். அப்பறம் அதுவா எறங்கும். நீங்க எறக்காதீங்க. எதையும் நெனைக்காதீங்க."

"நெனைக்காம எப்படிய்யா அடிக்கறது?"

"சோறு உங்கறப்ப கையை நெனச்சா உங்கறீங்க?"

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். "கேட்டியா? உன்ற சமையலை நெனச்சா சோறே எறங்காது."

ராயப்பன் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

நாலு மாசம். லிஃப்டில், குளியலறையில், டீவி முன்னால், வெறுங்கையை ஏற்றுவான். நிறுத்துவான். விடுவான். பந்து நேராகப் போகத் தொடங்கியது. அதிகம் பேசாதவன், கார் ஓட்டும்போது பாட்டு முணுமுணுத்தான். பக்கத்தில் அடிக்கிறவர்கள் தங்கள் ஸ்டிக்கை ஊன்றிக்கொண்டு அவனை வேடிக்கை பார்த்தார்கள்.

"சார் கை இப்பத் தண்ணி மாதிரிங்க," என்றார் ராயப்பன்.

அந்தக் கைதான் இப்போது சமையலறையில் நிற்கிறது.

கைக்குக் கீழே அவன் முகம்.

அடிக்கிற நேரத்தில் அந்த முகத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொள்வாள். கோபம் இருக்கும் என்று நினைத்திருந்தாள். கோபத்துக்குக் காரணம் இருக்கும், காரணத்தைச் சரிசெய்தால் அடி நிற்கும். போனை உடனே எடுத்தாள். அவன் தம்பியோடு பேசிச் சிரிப்பதை நிறுத்தினாள். அக்கா வீட்டுக்குப் போவதை விட்டாள். ஒவ்வொன்றாக, எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டே வந்தாள்.

முகத்தில் கோபம் இல்லை.

எதுவுமே இல்லை. பந்தைப் பார்க்கிற முகம்.

அவள் ஓரடி பின்னால் எடுத்து வைத்தாள்.

கை இறங்கியது. அவசரமில்லாமல், இடுப்பும் தோளும் சேர்ந்து திரும்ப, உடம்பின் மொத்த பாரத்தோடு இறங்கி, அவள் கன்னம் இருந்த இடத்தைக் கடந்து, சுவர் அலமாரியின் கடப்பைக்கல் விளிம்பில் மோதியது.

பச்சைக் கிளை முறிகிற சத்தம்.

மிளகாய்த்தூள் டப்பா உருண்டு விழுந்தது. இரண்டு விரல்கள் புறங்கைப் பக்கமாக மடிந்துகிடந்தன. ஒன்றில் தோல் கிழிந்து வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அதன் பிறகுதான் ரத்தம். டைல்ஸில் சொட்டி, தூளோடு கலந்து, எது எதென்று தெரியாமல் ஓடியது.

அவன் முட்டிபோட்டு உட்கார்ந்தான். அவன் தொண்டையிலிருந்து வந்த ஒலி அவளுக்குப் பழக்கமானது. அவன் வாயிலிருந்து கேட்பதுதான் முதல் தடவை.

"நாளைக்கு மேட்ச்சுடி," என்றான்.

பிறகு கத்தினான். "பாத்துட்டு நிக்கற? காரை எடு! ஆசுபத்திரிக்குப் போகோணும்!"

அவள் அடுப்பை அணைத்தாள். துண்டை நனைத்துப் பிழிந்து அவனிடம் நீட்டினாள். அவன் இடது கையால் வாங்கினான்.

"சுத்திக்கோங்க. வண்டியை எடுக்கறேன்."

சாவி, பர்ஸ், செருப்பு.

கீழ்த்தளத்தில் காரைத் திறந்து உட்கார்ந்தாள். இருக்கை அவன் கால் நீளத்துக்குத் தள்ளியிருந்தது. கிளட்ச் எட்டவில்லை. அடியில் இருந்த கம்பியைத் தூக்கி இருக்கையை முன்னால் இழுத்தாள். இன்னும் கொஞ்சம் இழுத்தாள். பாதம் பதிந்தது.

என்ஜின் ஓடியது.

லிஃப்ட் கதவு திறந்தது. கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சிவந்த துண்டோடு அவன் வந்தான். இடது கையால் காரின் கதவைப் பிடித்து இழுத்தான்.

பூட்டியிருந்தது.

"ஏய். தெறடி."

அவள் பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைத் தன் கண் மட்டத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள்.