எழுபத்திரண்டு மணி நேரம்

எண்ணெய்க் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்கள்.

புறங்கையால் தொட்டு அவள் உச்சியில் வைக்க வேண்டும். கணவன் முதலில். பிறகு மற்றவர்கள். பிறகு சீயக்காய். பிறகு தண்ணீர்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அபார்ட்மெண்டின் கார் நிறுத்துமிடம். நான்கு பெண்கள் புடவைகளை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டியிருந்தார்கள். நடுவில் பெஞ்சில் அவள். பக்கத்தில் நீல டிரம்மில் தண்ணீர்.

"தலையில ஊத்தாதீங்க," என்றேன். "இன்னும் ஒரு நாள் இருக்கு."

யாருக்கும் புரியவில்லை.

அப்போது வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. சரியாகச் சொன்னால், இன்னும் ஒரு நாளும் ஐந்து மணி நேரமும்.

புதன்கிழமை மாலை நாலு மணிக்கு பார்லரில் அவளுக்கு முடி ஸ்ட்ரெய்ட்டனிங் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கை மிதுனாவின் நிச்சயதார்த்தம். தைராய்டு வந்த பிறகு அவள் முடி சீப்பு பட்டாலே ஒடிந்தது. பார்லர் பெண் செய்ய மறுத்தாள். இவள் கெஞ்சினாள். ஒரே ஒரு நாள், போட்டோவில் நன்றாக இருக்க வேண்டும் என்றாள்.

முடிந்ததும் பார்லர் பெண் என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"மூணு நாள் தண்ணி படக் கூடாது அண்ணா. கட்டக் கூடாது, கிளிப் கூடாது, காதுக்குப் பின்னாடி ஒதுக்கக்கூடக் கூடாது. எங்க மடங்குதோ அங்க ஒடிஞ்சிரும். அக்காவுக்கு ஏற்கெனவே நூல் மாதிரி இருக்கு. நீங்கதான் பாத்துக்கணும்."

பார்த்துக்கொண்டேன்.

ஹெல்மெட் போடக் கூடாது என்று ஆட்டோவில் கூட்டிவந்தேன். ஆவி படும் என்று சமையலறைக்குள் விடவில்லை. நான் சுட்ட தோசை ஓரம் கருகியது. கழுத்தை நிமிர்த்தி வைத்தபடியே அதைச் சாப்பிட்டாள்.

பருத்தி உறை முடியை இழுக்குமாம். என் கல்யாணப் பட்டு வேட்டியைத் தலையணைமேல் விரித்தேன். அவள் மல்லாந்து படுத்தாள். முடியை இருபுறமும் பிரித்து வைத்தேன்.

"மூக்கு அரிக்குது," என்றாள். "நீங்களே சொறிஞ்சு விடுங்க."

சொறிந்துவிட்டேன்.

வியாழன் மதியம் அவளுக்கு மூச்சுத் திணறியது.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஆக்சிஜன் மாஸ்க் கொடுத்தார்கள். அதன் எலாஸ்டிக் பட்டை பின்னந்தலையைச் சுற்றிப் போகும். அவள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தாள்.

பட்டையை மாட்டவில்லை. மாஸ்க்கைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

நர்ஸ் வந்து, திட்டி, மாட்டிவிட்டுப் போனார். அதற்குள் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

சாயங்காலம் அவள் இல்லை.

நுரையீரலில் ரத்தக்கட்டி. மாஸ்க்கால் எதுவும் மாறியிருக்காது என்றார் டாக்டர். மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதையே சொன்னார்.

என் கை நழுவவில்லை.

நழுவவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"கட்டுனவன் கை எண்ணெய் படாம எப்படீங்க?" என்று எண்ணெய்க் கிண்ணத்தை மறுபடி நீட்டினார் அவளுடைய பெரியம்மா. புடவைக்குப் பின்னால் ஒரு குரல், "பிரமை புடிச்சுப் போச்சாட்ட இருக்குது பாவம்," என்றது.

அவள் அம்மா செம்போடு நின்றிருந்தார். செம்பை டிரம்மின் விளிம்பில் வைத்தார். என் பக்கத்தில் வந்தார்.

"நனையாம அனுப்ப முடியாதுங்க மாப்பிள்ளை. எப்படி ஊத்தோணும்னு சொல்லுங்க. அப்படியே ஊத்தறேன்."

சொன்னேன். வெந்நீர் வேண்டாம். சீயக்காய் வேண்டாம். கசக்க வேண்டாம். எண்ணெயும் வேண்டாம்.

"எண்ணெய் மட்டும் ஒரே ஒரு சொட்டுங்க."

"சரிங்க அத்தை."

புறங்கையை நனைத்து வைத்தேன்.

அத்தை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். தண்ணீர் கண்ணுக்குள் போகாமல் அவள் நெற்றியில் இன்னொரு கையை அணையாக வைத்துக்கொண்டார்.

தலை துவட்ட யாரோ ஒரு பூத்துண்டை நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். அதன் சொரசொரப்பு முடியை ஒடிக்கும். என் பனியனைக் கழற்றினேன். தேய்க்கவில்லை. ஒற்றி எடுத்தேன்.

"பன்னண்டுக்குள்ள எடுக்கோணுமுங்க," என்று வெளியிலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது.

ஈரத்தில் சீவக் கூடாது. தெரியும். உலரும்வரை விடமாட்டார்கள். அதுவும் தெரியும்.

அகலப் பல் சீப்பை எடுத்தேன். முதலில் நுனி. பிறகு கொஞ்சம் மேலே. பிறகு இன்னும் கொஞ்சம். சிக்கு வந்த இடத்தில் மேலே விரலால் பிடித்துக்கொண்டு, கீழே பிரித்தேன். அவளுக்கு இழுபடக் கூடாது.

புடவை பிடித்திருந்தவர்களுக்குக் கை கடுத்திருக்கும். யாரும் தாழ்த்தவில்லை.

வகிடுவரை வந்துவிட்டேன்.

சீப்பைப் பார்க்க என்னால் முடியவில்லை. தலையைத் திருப்பாமல் அத்தையிடம் நீட்டினேன்.

"எத்தனை வந்திருக்குன்னு பாருங்க."

வாங்கினார்.

"ஒன்னுகூட ஒடியலீங்க மாப்பிள்ளை," என்றார்.

கையை நீட்டியபடியே இருந்தேன்.

சீப்பை அவர் திருப்பித் தரவில்லை.