பின்பக்கப் பாரம்

"இன்னாபா மயில்வாகனம், வண்டிக்கு அடியிலயே குடித்தனம் வச்சிட்டியா?"

குப்புசாமியின் குரல் கேட்டு மயில்வாகனம் ஜீப்புக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். முகமெல்லாம் கிரீஸ். பட்டாளத்தார் ஏலம் விட்ட பழைய ஜீப் அது. தேர்தல் வந்தால் மைக் கட்டிக்கொண்டு ஓடும், மற்ற நாளில் பட்டு நூல் மூட்டை சுமக்கும். இன்று பின்சக்கரங்களைக் கழற்றிக் கருங்கல் அடுக்கி நிறுத்தியிருந்ததில், பிள்ளையார்பாளையத்துச் சந்து பாதி அடைபட்டுக் கிடந்தது.

"நாளைக்குக் காலைல நான் தெருவுல தறிக்குப் பாவு நூல் நீட்டணும்பா. இந்த யானைய நடுத்தெருவுல படுக்க வச்சிருக்கிறியே?"

"வெயில் ஏறுறதுக்குள்ள எடுத்துடறேன். செங்கல்பட்டு போறேன்."

"பொண்ணு கொழலி வீட்டுக்கா?" எதிர்வீட்டு நெசவாளியான குப்புசாமியின் கோபம் போன இடம் தெரியவில்லை. "தலைப்பொங்கல் சீரா? அத்த முன்னமே சொல்லக்கூடாதா!" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே குந்தினார்.

மயில்வாகனம் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஜீப்பின் பாரத்தைத் தாங்குவது, பின் அச்சின்மேல் வில்லாக வளைத்து அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகள். இன்னொரு பழைய ஜீப்பிலிருந்து வாங்கிவந்த பட்டைகளைப் பக்கத்துக்கு இரண்டாக அந்த அடுக்கில் சேர்த்துக்கொண்டிருந்தார். பட்டறையில் விட்டிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அங்கே நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள்.

"ஏன்பா, இவ்ளோ பட்டை சேத்தா காலி வண்டி தூக்கித் தூக்கி அடிக்குமே?"

"காலியா போறப்ப நான்தானே ஒக்காந்திருக்கப் போறேன்? அடிச்சா அடிச்சிட்டுப் போவுது. பாரம் ஏத்தினா முறியக்கூடாது. எனக்கு அது போதும்."

குப்புசாமி தலையாட்டினார். வைகாசியில் கல்யாணச் சீர் ஏற்றிப் போனபோது நடந்த கதையைத் தெருவே அறியும். இரும்பு பீரோ, தேக்குக் கட்டில், வெண்கல அண்டா என்று அடுக்கிக்கொண்டு கிளம்பிய வண்டி ஐயம்பேட்டை தாண்டவில்லை. பட்டை படீரென்று முறிந்து ஒருபக்கமாக உட்கார்ந்துவிட்டது. சீர் மாட்டுவண்டிக்கு மாறிச் சம்பந்தி வீடு போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. "ஓட்டை வண்டி, ஒடைஞ்ச சீரு" என்று மாமியார்க்காரி கூடத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்னாள். அன்றுமுதல் அந்த வீட்டில் குழலிக்கு 'ஓட்டை வண்டி' என்றே பெயர்.

"ஆடிக்குக்கூடப் பொண்ண அனுப்பலையே அவங்க?"

"வேலை இருக்குதாம்."

"தீபாவளிக்கு?"

"அப்பவும் வேலையாம்."

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கென்று எடுத்த பட்டு வேட்டி இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அன்று பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் இலை போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர், மத்தியானம் தாண்டியதும் இலைகளை எடுத்துத் தெருவில் போன மாட்டுக்குப் போட்டார். பிறகு சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். மனைவி போனபிறகு அந்த வீட்டில் சத்தம் என்று இருந்தது குழலி ஒருத்திதான். இப்போதெல்லாம் எந்நேரமும் ரேடியோவைத் திருகி வைத்திருக்கிறார், யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்று.

வண்டிக்கு அடியிலிருந்து அவருடைய கை பழக்க தோஷத்தில் வெளியே நீண்டது. விரல்கள் விரிந்தபடி காத்திருந்தன. முன்பெல்லாம் வாய் திறந்து கேட்பதற்குள் சரியான ஸ்பேனர் அந்தக் கையில் வந்து உட்காரும். எந்த நட்டுக்கு எது என்று குழலிக்குத் தலைகீழ்ப் பாடம்.

குப்புசாமி சுத்தியலை எடுத்துக் கொடுத்தார்.

"அது இல்லபா." சுத்தியலை வாங்காமலே கை உள்ளே போயிற்று. "பரவால்ல, நானே எடுத்துக்கறேன்."

பொழுது இறங்குவதற்குள் சக்கரங்களை மாட்டியாயிற்று. குப்புசாமி பின்னால் ஏறி, தறிக்குழியில் உட்கார்ந்தே பழகிய உடம்போடு தொம் தொம் என்று குதித்துப் பார்த்தார். வண்டி அசைந்து கொடுக்கவில்லை.

"கல்லு மாதிரி இருக்குதுபா! இனிமே அந்தம்மா வாயத் தொறக்கட்டும், பாக்கலாம்."

மயில்வாகனம் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ரேடியோ பேசிக்கொண்டிருந்த வீட்டுக்குள் போனார்.

மறுநாள் காலை குப்புசாமி பாவு நீட்டக் கழிகளோடு வந்தபோது ஜீப் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. பின்னாலேயே அவர் மனைவி இந்திராணி ஓடிவந்தாள். ஒரு கையில் மஞ்சள் கொத்து, இடுப்பில் புதுப் பொங்கல் பானை.

"அண்ணே, நில்லு! இத்த கொழலிகிட்ட குடுத்துடு. இந்திராணி அத்தை குடுத்துச்சுன்னு சொல்லு."

பானையை ஏற்றப் பின்பக்கம் போனவள் திகைத்து நின்றாள். கரும்பு இல்லை, அரிசி மூட்டை இல்லை, ஒரு பூசணிக்காய்கூட இல்லை. ஒரு மூலையில் கட்டுக்கயிறு மட்டும் சுருண்டு கிடந்தது.

"இன்னாண்ணே இது, சீர் எங்க?"

"செங்கல்பட்டுலதான் இருக்குதும்மா." மயில்வாகனம் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே பேசினார். "போன வாரம் போயி பாத்தேன். நான் குடுத்த கட்டில்ல மாமியார் படுத்துக்கினு இருக்குது. என் பொண்ணு மாட்டுக் கொட்டாயில படுத்துக்கினு இருக்கிறா."

முன்பக்கம் வந்த இந்திராணி பானையை அவரிடம் நீட்டியபடியே நின்றாள். அவர் அதை மெல்ல அவள் பக்கமே தள்ளினார்.

"பீரோ, கட்டில், அண்டா, கூட என் பொண்ணு, அத்தனையும் ஒரே நடையில ஏத்திக்கினு வந்துடணும். ரெண்டாவது தபா அந்த வாசல மிதிக்க மாட்டேன். பானைய நீயே வச்சிரும்மா, சாயந்தரம் அவ கையிலயே குடு."