காது தெரியலை

"போட்டோவில காது தெரியலை. வேற எடுத்துட்டு வாங்க" என்று விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினாள் என் மனைவி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற எலக்ட்ரீஷியனுக்கு முகம் செத்துப்போயிற்று. "மேடம், இன்னையோட ஒரு வருஷம் முடிஞ்சுடுச்சு. சம்சாரத்தைக் கூப்பிட்டுக்கலாம்னு லீவு போட்டு வந்திருக்கேன். இப்பவே வேற எடுத்துட்டு வரேன்."

"வியாழக்கிழமை வாங்க."

வெளிநாட்டுக்காரர்கள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கும் அலுவலகம் அது. நாலாம் நம்பர் கவுன்ட்டர் இவளுடையது. இவளைக் கூட்டிப்போக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுஷனுக்குக் காது ரெண்டும் முறம் மாதிரி. அது போட்டோவில் தெரியாமல் போகுமா?

பஸ் ஸ்டாப் வரை வாயை அடக்கினேன்.

"உனக்கு மனசா, கல்லா? இருபத்திரண்டு வருஷம் முன்னாடி இதே கவுன்ட்டர்ல நானும் இப்படித்தானே நின்னேன்!"

எனக்கு மறக்குமா? பேக்கரிக்கு மேலே ஒற்றை அறை. இவள் வரப்போகிறாள் என்று ரெண்டாவது தலையணை, ரெண்டாவது தட்டு, இவளுக்குப் பிடித்த பச்சையில் ஜன்னல் திரை எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். ஒரு வருஷம் முடிந்தால்தான் மனைவியை வரவழைக்க விண்ணப்பிக்கலாம். விசா குத்தின ஒன்பதாம் தேதியிலிருந்து நாள் எண்ணி, மறுவருஷம் ஒன்பதாம் தேதி காலையில் முதல் ஆளாக நின்றேன்.

கவுன்ட்டரில் ஒரு சிடுமூஞ்சி. காது தெரியலை என்றாள். மறுநாள், கையெழுத்து கோட்டில் படுகிறது என்றாள். அதற்கு மறுநாள், ஜெராக்ஸ் மங்கலாம். நாலாம் நாள்தான் வாங்கினாள். ஒவ்வொரு சாயங்காலமும் போன் பூத்தில் நின்று "நாளைக்கு" என்பேன். அந்தப் பக்கம் இவள் அழுவாள். அந்த அறை, பேக்கரி வாசனை, அந்தக் காத்திருப்பு எல்லாமே இப்போது நினைத்தால் இனிக்கிறது, அந்தச் சிடுமூஞ்சியைத் தவிர.

போன மாசம் அவள் ஓய்வு பெற்றபோது வழியனுப்பு விழா நடந்தது. "அந்த மூஞ்சியை எவன் பார்ப்பான்?" என்று நான் போகவே இல்லை.

"அவகிட்ட வேலை கத்துக்கிட்டவதானே நீ! அந்தப் புத்திதான் ஒட்டிக்கிச்சு."

"ஆமாங்க, அவங்கதான் கத்துக்கொடுத்தாங்க" என்றாள் நிதானமாக. "விசா தேதி கணக்கில்லை. இங்க வந்து இறங்கின தேதிதான் கணக்கு. எல்லாரும் இதிலதான் ஏமாறுவாங்க. அவருக்கு இன்னும் மூணு நாள் இருக்கு. இன்னைக்கே வாங்கிட்டா தள்ளுபடி ஆகிடும். அப்புறம் ஒரு வருஷம் விண்ணப்பிக்கவே முடியாது."

"அதைச் சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"கவுன்ட்டர்ல யோசனை சொன்னா எங்க வேலை போயிடும். அன்னைக்கும் அதே சட்டம்தான். காதைக் குறை சொன்னா ஏன்னு யாரும் கேட்க மாட்டாங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க என்னைக்கு வந்து இறங்கினீங்க?"

"விசா குத்தி மூணு நாள் கழிச்சு. பன்னிரண்டாம் தேதி..."

ஒன்பது, பத்து, பதினொன்று என்று விரல் மடக்கினேன். நாலாவது விரல் பன்னிரண்டு.

பஸ் வந்து நின்றது.

"அந்த அம்மா வீட்டுக்கு எந்த பஸ் போகும்?" என்றேன்.