கத்தரிப்பூ நிறக் கோபம்

அப்துல் வஹீது இடது கை விரலால் மறுபடியும் கோபத்தைத்தான் தொட்டார்.

டேப்லெட்டில் கத்தரிப்பூ நிறத்துக் குண்டு உருவம் ஒன்று இடுப்பில் கை வைத்துத் தரையை உதைத்தது. “எனக்குக் கோபமாக இருக்கிறது” என்றது.

“கேட்டுக்கிட்டியா? விடிஞ்சதுல இருந்து ஏழாவது தடவை” என்றாள் அவர் மனைவி பக்ருன்னிசா, மகளிடம். துணிப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

மூன்று மாதம் முன்பு வந்த பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. மற்றவர் சொல்வது புரியும். எழுதவோ படிக்கவோ முடியவில்லை.

மகள் இஃப்ரா பீளமேட்டில் ஓர் அனிமேஷன் கம்பெனியில் உருவங்கள் வரைகிறவள். பேச முடியாதவர்களுக்கான செயலி ஒன்றுக்கு ஆறு உணர்ச்சிகளையும் வரைந்தது அவள்தான். பயம், நத்தை மாதிரி. துக்கம், நனைந்த துண்டு. சந்தோஷத்துக்குக் காலே கிடையாது, உருண்டுகொண்டே வரும். சோதனைக்கென்று கம்பெனி கொடுத்த டேப்லெட்டைப் போன வாரம் தன் அத்தாவின் கையில் வைத்தாள்.

டாக்டர் வந்தபோது சந்தோஷத்தைத் தொட்டார். உடற்பயிற்சி கொடுக்கிறவர் வந்தால் பயம்.

பக்ருன்னிசா அடுப்படிக்குள் போனால் கோபம். குக்கரை விட்டுவிட்டு ஓடி வருவாள். வந்ததும் விரலை எடுத்துவிடுவார்.

“கஞ்சியில உப்பில்லையா, முதுகு வலிக்குதா, ஒண்ணொண்ணாக் கேட்டுப்போட்டேன். ஒண்ணுமில்லைன்னு தலையாட்டுறாரு. முப்பத்திரெண்டு வருசமா ஒரு கடுஞ்சொல் சொன்னதில்ல இந்த மனுசன். எல்லாத்தையும் உள்ளயே வெச்சிருந்திருக்காரு. நான் பொள்ளாச்சிக்கு எங்கண்ணன் ஊட்டுக்கே போறேன் கண்ணு. நாளையில இருந்து நர்சம்மா வருது. நான் எதுர்ல நிக்காம இருந்தாத்தான் அவருக்கு ஒடம்பு தேறும்.”

உக்கடத்தில் பதினோரு மணி பஸ். பக்ருன்னிசா செருப்பை மாட்டினாள்.

அவர் கோபத்தைத் தொட்டார். தொட்ட விரலைத் தூக்கி அவளை நோக்கி நீட்டினார்.

“போதுமா? கை காட்டியே சொல்லிப்போட்டாரு.”

இஃப்ரா அந்த விரலைப் பார்த்தாள். பிறகு திரையை. பிறகு அம்மாவை.

செயலியில் வீட்டு ஆட்களைக் கூப்பிட ஒரு பக்கம் உண்டு. இஃப்ரா, டாக்டர், பக்கத்து வீட்டு யூனுஸ் மூவரும் அதில் இருந்தார்கள். பக்ருன்னிசா இல்லை. அத்தா அவளைப் பேர் சொல்லியோ வேறு விதமாகவோ கூப்பிட்டு இஃப்ரா கேட்டதில்லை. ஒரு செருமல். அம்மா வந்து நிற்பாள். பக்கவாதத்துக்குப் பிறகு அதுவும் வருவதில்லை. செருமலுக்கு என்ன பொத்தான் வைப்பதென்று தெரியாமல் அந்த இடத்தை விட்டிருந்தாள்.

இன்னொன்றும் இருந்தது.

கம்பெனியில் எல்லோரும் மேசைக் கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்த்துத்தான் வரைவார்கள். ஐந்து உணர்ச்சிகளை அவளும் அப்படித்தான் வரைந்தாள். கோபம் மட்டும் அவள் முகத்தில் சரியாக வரவில்லை. சிலிண்டர்காரரோடு அம்மா சண்டை போட்டபோது செல்போனில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்து வரைந்தாள். முக்காட்டை எடுத்துவிட்டாள். நிறத்தை மாற்றினாள்.

கம்பெனியில் யாருக்கும் தெரியவில்லை. அம்மாவுக்கே தெரியவில்லை.

“செருப்பைக் கழட்டிப்போட்டு இங்க வாங்கம்மா. இந்த மூஞ்சிய ஒருக்கா நல்லாப் பாருங்க.”

பக்ருன்னிசா பையைக் கீழே வைக்காமலே வந்து திரையின் மேல் குனிந்தாள். உருவம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அவளைப் பார்த்தது. அவள் வெகுநேரம் நிமிரவில்லை.

பிறகு நிமிர்ந்தாள். கட்டிலில் கிடந்தவரின் பக்கம் திரும்பினாள்.

“ஏனுங்க, எம்மூக்கு இத்தனை பெருசாவா இருக்குது?”