துண்டுக்குள் ஒரு கை

மேலப்பாளையம் மாட்டுச் சந்தையில் காலை வெயில் கொம்புகளில் மின்னுகிறது. தரகர் சொரிமுத்துவும் வியாபாரி மகாராஜனும் ஒரே துண்டுக்குள் கைவிட்டு, பிடிக்கும் விரல்களே தொகையாக, விலை பேசுகிறார்கள். சொரிமுத்துவின் விரல்கள் தாமாகவே துள்ளுகின்றன. டாக்டர் சீட்டிலிருந்த ‘அன்கன்ட்ரோலபிளி’க்கு மகள் நேற்று அர்த்தம் சொன்னாள்: “நம்ம சொல்லுக்கு அடங்காம ஆடுதுன்னு எழுதியிருக்குப்பா.” “மாடுன்னா மூக்கணாங்கயிறு போடலாம், கைக்கு?” என்று சிரித்தவர் இப்போது துண்டை இன்னும் இழுத்து மூடுகிறார். வெளியே தெரிந்தால் நாளை எவனும் அவருக்கு விரல் கொடுக்கமாட்டான். மகாராஜன் சட்டென்று நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்க்கிறார். “என்னவே சொரிமுத்து,” என்று சந்தைக்கே கேட்கக் கத்துகிறார், “விலைய இந்த ஏத்து ஏத்துதீரு!” கூட்டம் சிரிக்கிறது. துண்டுக்குள் மகாராஜனின் பிடி, துள்ளல் வெளியே தெரியாதபடி இறுகுகிறது. அந்தப் பிடிக்குள்ளும் விரல்கள் துள்ளிக்கொண்டே இருக்கின்றன.