பகையாளியின் நாக்கு

மார்கழி மழை விடாமல் பெய்து பாதித் திராட்சையை அழுக வைத்துவிட்டது. தேறிய கறுப்புப் பழத்தில்தான் சந்தியாகு இந்த ஒயினைப் போட்டிருந்தார். இதுவும் புளித்துக் காடியாகிப்போனால் பந்தலைப் பிரித்துவிட்டு வாழை வைப்பதாக மனைவி அந்தோணியம்மாவுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. பங்குனி வெயில் ஏறியதும் பீப்பாயைத் திறந்தார். மருமகன் குடித்துவிட்டு, "அமிர்தம் மாமா!" என்றான். ஓசியில் குடிக்கிறவன் வேறென்ன சொல்வான்? தன் நாக்கையும் அவர் நம்பவில்லை. அது ஆசை பிடித்த நாக்கு. நேரே வேலியைத் தாண்டிப் போய், வாய்க்கால் தகராறில் பேச்சை முறித்துக்கொண்ட இன்னாசியிடம் டம்ளரை நீட்டினார்.

"என்னய்யா, விஷம் வச்சிருக்கியா?"

"குடிச்சுப் பாரு."

இன்னாசி மோந்து பார்த்தார், குடித்தார், முகத்தைச் சுளித்தார். "தூ! இதெல்லாம் ஒரு சரக்கா? காடித்தண்ணி."

சந்தியாகு கையை நீட்டினார். "சரி, டம்ளரக் குடு."

இன்னாசி கொடுக்கவில்லை. அதை வாய்க்கு மேலே கவிழ்த்துப் பிடித்து, கடைசிச் சொட்டு விழும்வரை நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார்.

"ஏ அந்தோணியம்மா," என்று வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சந்தியாகு கத்தினார், "வாழக்கன்னு வேணாம்னு சொல்லிரு!"