துருப்பிடிக்காத தகடு

குவாரிக்குப் பின்பக்கம் உலோகம் தேடும் கருவியோடு சுற்றித் திரிந்த கொழுந்தன், கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து அவள் துடைத்து வைத்திருந்த அடுக்களை மேடையில் கொட்டினான். ஆணி, சங்கிலித் துண்டு, உடைந்த உளி. நடுவில் வரிசையாக ஓட்டை போட்ட நீளத் தகடு ஒன்று, ஓட்டைகளில் மாட்டிய நீள ஸ்க்ரூக்களோடு.

"எல்லாம் துருப்பிடிச்சு உதிருது. இது மட்டும் பளபளங்குது. என்னதுண்ணே இது?"

குவாரியை நடத்தும் மூத்தவர், அவள் புருஷனின் அண்ணன், எட்டிப் பார்த்தார். "பழைய கதவுக் கீல்டா. தூக்கிப் போடு. வெடி வைக்கிற இடத்துல உனக்கென்ன வேலை?"

"கீலுக்கு இவ்ளோ நீள ஸ்க்ரூவா?"

"வந்துட்டாரு பெரிய விஞ்ஞானி! இனிமே அந்தப் பக்கம் போனே, காலை உடைப்பேன்."

கொழுந்தன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. புருஷன் எவளோடோ ஓடிவிட்டான் என்று மூத்தவர் வந்து சொன்ன நாளிலிருந்து அவள் சிரிப்பதில்லை. அவனைச் சபிக்காமல் ஒரு வாய் சோறு தின்றதும் இல்லை.

தகட்டைக் கழுவித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொழுந்தனிடம் நீட்டினாள்.

"லாரி மோதி உன் சின்னண்ணன் தொடை உடைஞ்சப்போ, டாக்டர் எக்ஸ்ரேயில காட்டினாரு. எலும்போட வெச்சு முடுக்கினது இதைத்தான்."

மூத்தவர் பக்கம் திரும்பினாள்.

"காலைக் கழட்டி வெச்சுட்டா ஓடினாரு, மாமா?"